கணக்கு வராதவர்களுக்கான பாடம் என்று யார் சொன்னது?

மேல்நிலை வகுப்புக்குப் பாடப்பிரிவு எடுக்கும் நாட்கள் வந்துவிட்டால் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. "இவனுக்குக் கணக்கு சுத்தமா வராது சார். அதான் வணிகவியல்ல போட்டுடலாம்னு." அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்தில் பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். பதினாறு வருடமாக வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறேன். அந்தப் 'போட்டுடலாம்' இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கி முதன்முதலில் அச்சில் வந்த புத்தகம் எது தெரியுமா? ஒரு கணிதப் புத்தகம். 1494இல் வெனிஸில் வெளிவந்தது. எழுதியவர் லூக்கா பச்சியோலி, ஒரு துறவி, கணித ஆசிரியர். எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல் என்று போகும் பெரிய நூலில் ஒரு பகுதியாக, வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே எழுதிவந்த கணக்கு முறையை ஒழுங்குபடுத்திச் சொன்னார். பின்னாளில் அவர் எழுதிய இன்னொரு கணித நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் லியொனார்டோ டா வின்சி. கணக்கு வாத்தியார் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்த பாடத்தைத்தான் 'கணக்கு வராதவனுக்கு' என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

பெற்றோரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பங்கும் பெரிது. ஹென்றி ஃபேயோலின் 14 மேலாண்மைக் கொள்கைகளை வரிசை மாறாமல் ஒப்பிக்கச் சொல்கிறோம். அவர் பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து, அது தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில் 1888இல் தலைமைப் பொறுப்பை ஏற்று நிமிர்த்தியவர். அந்த அனுபவத்தைத்தான் 1916இல் எழுதினார். கொள்கைகள் சூழ்நிலைக்கு ஏற்ப வளைந்து கொடுக்க வேண்டியவை என்று அவரே சொல்லியிருக்கிறார். நாமோ பத்தாவது கொள்கை பதினொன்றாவது இடத்துக்குப் போனால் மார்க்கைக் குறைக்கிறோம்.

இந்தப் பாடத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு மாணவியின் கேள்வி. ஒரு தொழிலின் சொத்துகளை ஒரு பக்கமும், அது தர வேண்டிய பொறுப்புகளை மறுபக்கமும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பை முதல்முறை கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து கேட்டாள்: "சார், முதல்ங்கிறது முதலாளி சொந்தமா போட்ட பணம்தானே? அது ஏன் பொறுப்புப் பக்கம் வருது? கடனா வாங்கினாரு?" அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். "அது விதி, எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டேன். இன்றும் நினைத்து வருந்தும் பதில் அது. அந்த ஒரு கேள்விக்குள் பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது.

தொழில் வேறு, தொழிலை நடத்துபவர் வேறு. அவர் போட்ட பணத்தைத் தொழில் அவருக்குத் திருப்பித் தர வேண்டும், அதனால் தொழிலின் பார்வையில் அது பொறுப்பு. கடையிலிருந்து ஒரு பொருளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாலும் எடுப்புக் கணக்கில் எழுதியாக வேண்டும். 'வணிகத் தனித்தன்மைக் கருத்து' என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறார்களே, அது இதுதான். இப்போதெல்லாம் ஆரோன் சாலமன் கதையைச் சொல்லித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். லண்டனில் காலணி செய்து விற்றவர், 1892இல் தன் தொழிலை நிறுவனமாக மாற்றினார். மொத்தம் 20,007 பங்கு. அவர் கையில் 20,001, மனைவி மக்கள் ஆறு பேருக்கு ஆளுக்கு ஒன்று. நிறுவனம் நொடித்தது. 'நிறுவனமே இவர்தான், கடனை இவர்தான் அடைக்க வேண்டும்' என்று வழக்குப் போனது. அந்த நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள், அதன் கடனுக்கு சாலமன் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று 1896இல், அன்றைக்குப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இதைச் சொன்னால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். "அப்போ கடன் கொடுத்தவன் கதி?" என்று ஒரு பக்கம். "இல்லன்னா யார் சார் துணிஞ்சு தொழில் ஆரம்பிப்பாங்க?" என்று மறுபக்கம். அன்றைக்கு நான் குறிப்பு எதுவும் சொல்லி எழுத வைப்பதில்லை.

பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று சரிபார்க்கும் இருப்பாய்வு வகுப்பையும் சொல்ல வேண்டும். பற்றும் வரவும் 720 இடிக்கிறது. வழக்கமாக என்ன நடக்கும்? வித்தியாசத்தை, பிழை தெரியும்வரை தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்கு ஓடுவார்கள். நான் ஓடவிடுவதில்லை. முதலில் பாதியாக்கு, 360. அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி ஏறியிருக்கிறதா பார். இல்லையா, 9ஆல் வகுத்துப் பார். மீதியில்லாமல் போனால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். ஒரு பையன் பேரேட்டின் மேல் விரலை வைத்து வரிவரியாக இறங்கினான். 910 இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தது. "கிடைச்சிருச்சு!" என்று அவன் கத்தியது பக்கத்து வகுப்புக்குக் கேட்டிருக்கும். இலக்கம் மாறினால் வித்தியாசம் ஏன் எப்போதும் 9இன் மடங்காக வருகிறது என்று அடுத்த நாள் அவனே நிரூபித்துக் கொண்டுவந்தான். யாரும் கேட்கவில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை அவர்களிடம் விடுகிறேன். என் கவலை வேறு. அறிவியல் பிரிவில் போகும் பிள்ளைகள் இதில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் வெளியே வந்து, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். 12,000 கடன், வருடத்துக்கு 10 சதவீதம் நிலையான வட்டி, மாதம் 1,100 வீதம் 12 தவணை. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு 12,000க்கும் வட்டி போகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வட்டி விகிதம் ஏறக்குறைய 18. பதினாறு வயதில் ஒரு மணி நேரத்தில் புரியவைக்க முடிகிற விஷயம். "கல்லூரிக்குப் போய்ப் படிச்சுக்கலாம்" என்பவர்களுக்கு: வணிகம் எடுக்காதவர்களுக்கு அங்கேயும் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வருடம் முதல் வகுப்பில் 'வணிகம் என்றால் என்ன' என்ற வரையறையை எழுதிப்போடாதீர்கள். இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஒருவர் 60க்கு வாங்கி 100க்கு விற்கிறார். நூறு பொருள் விற்றுவிட்டது, லாபம் 4,000. சரக்கு கொடுத்தவருக்கு 15 நாளில் 6,000 கட்ட வேண்டும். வாங்கியவர்கள் 60 நாள் கழித்துத்தான் 10,000 தருவார்கள். கையில் இருப்பது 5,000. பதினைந்தாம் நாள் என்ன ஆகும்? 1,000 குறையும். சரி, ஆர்டர் இரண்டு மடங்கானால்? லாபம் 8,000. கட்ட வேண்டியதோ 12,000, கையில் அதே 5,000, பற்றாக்குறை 7,000. "விற்பனை கூடக்கூடப் பணம் பத்தாமப் போகுதே சார்!" என்று வகுப்பே பதறும். லாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு என்று அதற்கப்புறம் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

போன வாரம் அதே வசனத்தோடு ஒரு அப்பா வந்தார். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, பையனிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். தலையைக் குனிந்தபடியே இருந்தான். தெரியவில்லை போல என்று நான் நினைத்த நேரத்தில் நிமிர்ந்தான்.

"வாங்குறவங்ககிட்ட பாதியை முன்பணமா கேப்பேன் சார். தரலன்னா, சரக்கு கொடுத்தவர்கிட்ட இன்னும் நாள் கேப்பேன். ரெண்டும் நடக்கலன்னா அந்த ரெண்டாவது ஆர்டரை எடுக்க மாட்டேன்."