ஏழு நிமிடக் குரல் பதிவில் ஒரு வரிச் செய்தி

"ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்கிய எந்தக் குரல் பதிவும் இதுவரை சின்னதாக முடிந்ததில்லை. வாட்ஸ்அப்பில் அந்த மைக் பொத்தானில் விரல் பட்டதும் நம் சொந்தபந்தங்களுக்கு என்னதான் ஆகிறதோ! முதலில் ஓர் இருமல். அப்புறம் "என்ன சொல்ல வந்தேன்..." என்று ஒரு நீண்ட யோசனை. நடுவில் குக்கர் விசில். வாசலில் யாரோ கூப்பிட, "இதோ வருகிறேன்" என்று அவருக்கு ஒரு பதில். அதையும் நான் கேட்டுத் தொலைக்க வேண்டும். ஏழாவது நிமிடத்தில் விஷயம் வெளியே வருகிறது. வளைகாப்பை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்களாம். அவ்வளவுதான்!

சொல்பவருக்கு என்ன, காய் நறுக்கிக்கொண்டே பேசிவிடுகிறார். கேட்பவன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஸ்பீக்கரில் போட்டால் குடும்பச் சண்டை பஸ் முழுக்க ஒலிபரப்பாகும். போனிலாவது பேசித் தொலைக்கலாம். "அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வாருங்கள்" என்று குறுக்கே பேச வழியுண்டு. இதில் அதுவும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு கேள் என்பதுதான் ஏற்பாடு.

சொல்லுக்கு இவ்வளவு என்று தந்திக்குக் காசு வாங்கிய காலத்தில் இதே குடும்பங்கள் சாவையும் பிறப்பையும் நாலு சொல்லில் அடக்கின. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையை மூடினார்கள். அடுத்த மாதமே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்து இறங்கியது. சிக்கனம் போன வேகத்தைப் பாருங்கள். 2021-ல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதியையும் கொடுத்தார்கள். நம் ஆட்கள் பேசும் லட்சணம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு மடங்கு வேகத்தில் என் அத்தை, மீன் ஏலம் விடுகிறவரைப் போல் இருக்கிறார்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியை நான் சொல்லவில்லை. பார்வையில்லாதவர்களையும் சொல்லவில்லை. அவர்களுக்கு இது வரப்பிரசாதம். என் கோபமெல்லாம் படித்தவர்கள் மேல். மேலதிகாரிக்கு இரண்டே வரியில், எழுத்துப்பிழை பார்த்து, பணிவாக மின்னஞ்சல் எழுதத் தெரிகிற மனிதர், தம்பிக்கு மட்டும் எட்டு நிமிடம் உளறி அனுப்புகிறார். அதிகாரியின் நேரம் தங்கம், தம்பியின் நேரம் தவிடு! தட்டச்சு செய்யச் சோம்பலா? 2017 முதல் கூகுள் விசைப்பலகை, தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தருகிறது. அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுமே, அதுதான் கசக்கிறது.

கேட்காமல் விடலாமென்றால் அதற்கும் ஆப்பு. நீல டிக்கை அணைத்து வைத்தாலும், பதிவைக் கேட்டதும் அந்த மைக் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். நீலமாகவில்லையென்றால் "இன்னும் கேட்கவில்லையா?" என்று அடுத்த பதிவு வரும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன், வங்கி விவரத்தை வாயால் சொல்வதை மட்டும் பொறுக்க முடியாது. கணக்கு எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். நடுவில் "மூன்று ஏழு" என்கிறார்கள். அது 37-ஆ, 777-ஆ? ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான். அதை "ஓ" என்று சொல்கிறார்கள். பி-யா டி-யா என்று பின்னால் இழுத்து இழுத்துக் கேட்டு, காகிதத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து அதே எண் தேவைப்பட்டால் தேடவும் முடியாது. "அண்ணா, அந்தக் கணக்கு எண்ணைக் கொஞ்சம் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டால் உடனே பதில் வருகிறது, அதுவும் குரலில்: "அன்றைக்கே அனுப்பினேனே, மேலே போய்க் கேட்டுப் பார்."