எல்லாம் கிடைத்துவிட்டதாம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தத் தோழர் சொன்னது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். "அதான் 377 போயாச்சே தோழர், இன்னும் என்னதான் வேணும்?" சிரித்துக்கொண்டே கேட்டார். 377 என்றால் எங்களைப் போல ஒருபால் உறவில் இருப்பவர்களைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று. அவ்வளவுதான். குற்றவாளி இல்லை என்பதும் குடும்பம் என்பதும் ஒன்றா? அதுவும் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்ததை 2013இல் பிடுங்கிவிட்டு, அப்புறம் திருப்பிக் கொடுத்தது. கிடைத்தது நிலைக்கும் என்று காலாட்டிக்கொண்டு உட்கார எங்களால் முடியாது.

2023 அக்டோபரில் திருமண உரிமை கேட்டபோது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகாட்டினார்கள். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. நடுவில் ஒன்றிய அரசு பெரிய மனசு பண்ணியது: சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒரே ரேஷன் கார்டில் இருக்கலாம். ஆக, துவரம் பருப்பு வாங்கும்வரை நாங்கள் குடும்பம்.

போன வருஷம் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். இரவு இரண்டு மணி. படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கோடு. பதினோரு வருஷமாக ஒரே வீடு, ஒரே உலை. 'அக்கா' என்று எழுதினேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "அதானே, ரெண்டு பேருக்கும் ஒரே சாடை" என்றார். அவள் அந்த வலியிலும் சிரித்தாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு புலம்பல் என்பீர்கள். ஆமாம், கையெழுத்துக்குத்தான். உயில் எழுதாமல் நான் செத்தால், என் முகத்தில் முழிக்காத சொந்தமெல்லாம் வாரிசு என்று வந்து நிற்கும். அவள் குடியிருந்தவள் மாதிரி பெட்டியைக் கட்ட வேண்டும்.

நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. எல்லாம் தீர்ந்ததும் சொல்லி அனுப்புங்கள்.

படிப்படியாகத்தான் வருமாம். இதை அந்தத் தோழர் சொன்னதுதான் தாங்கவில்லை. அவருடைய அப்பா அம்மாவுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம், சட்டம் அதை ஏற்காத காலத்தில். எத்தனை மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்! அப்படிச் சேர்ந்து வாழ்ந்ததற்காக அவர்களை யாரும் ஜெயிலில் போடவில்லையே. பிறகு எதற்காக 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சட்டத்தைத் திருத்தினார், அதுவரை நடந்த திருமணங்களும் செல்லும் என்று சேர்த்து? உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்த காகிதம் எனக்கு மட்டும் ஆடம்பரமா?

2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அதற்கு நேரம் இருந்தது. புரட்சி பேசுகிறவருக்குப் பத்து நிமிஷம் கிடையாது.

சரி, இதுகூடப் போகட்டும். கல்யாணம் நடத்திவைக்கிற மேடையிலெல்லாம் 'இணையர்', 'இணையர்' என்று வாய் நிறையச் சொல்கிறவர், அன்றைக்குக் கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "உங்க ஃப்ரெண்டு எப்படி இருக்காங்க?" என்றார்.

நல்லா இருக்கா தோழர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.