எச்பியை மட்டும் சொல்லி இன்ஜின் விற்கிறவர்களே, பின்பலகையை அளந்தீர்களா?

"எத்தனை பேருங்க ஏறுவாங்க? அஞ்சாறு பேரா? அப்ப பத்து எச்பி எடுத்துக்குங்க. பதினஞ்சு போட்டீங்கன்னா இன்னும் நல்லாப் போகும்."

படகுக்கு இன்ஜின் வாங்கப் போனால் கடையில் நடக்கிற பேச்சு இவ்வளவுதான். படகு எத்தனை அடி, சுமை எவ்வளவு, எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது, இன்ஜினை மாட்டுகிற பின்பலகை எத்தனை அங்குலம் உயரம் என்று ஒரு கேள்வி கிடையாது. பின்பலகையின் உயரத்தைக் கேட்காமலேயே, படகுக்கு வெளியே பின்னால் தொங்குகிற அவுட்போர்டு இன்ஜினுக்குப் பில் போடுகிறார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எங்களுடையது 14 அடி ஃபைபர் படகு. மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில், பண்ணவாடிப் பக்கம் ஓடுகிறது. வலை, ஐஸ் பெட்டி, ஆட்கள் எல்லாம் ஏறுகிற வேலைப் படகு. பின்பலகை 15 அங்குலம். அதற்குத் தண்ணீருக்குள் இறங்குகிற கால் குட்டையான ஷார்ட் ஷாஃப்ட் இன்ஜின்தான் பொருந்தும். கடையில் கையிருப்பில் இருந்தது 20 அங்குல லாங் ஷாஃப்ட். அதையே எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஐந்து அங்குலம்தானே என்று தோன்றும். தண்ணீரைத் தள்ளுகிற விசிறியான புரொப்பெல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தட்டு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் ஒரு அங்குலம் கீழே இருக்கலாம். ரொம்ப மேலே ஏறினால் புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு, தண்ணீரைத் தள்ளாமல் அலறும். ரொம்பக் கீழே போனால் இழுவை கூடும், தண்ணீர் வாரி அடிக்கும், பெட்ரோல் கரையும். அதைவிடப் பெரிய தொல்லை, புரொப்பெல்லர் தரைக்கு அவ்வளவு நெருக்கமாகப் போய்விடுகிறது.

மேட்டூர் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 1934-ல் அணை கட்டி முடித்தபோது ஊர்களே உள்ளே போயின. 120 அடி நிரம்பி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே வருகின்றன, படம் பிடிக்கக் கூட்டம் வருகிறது. நந்தி தெரிந்துவிடும், விலகிப் போகலாம். தண்ணீருக்கு ஓரடி கீழே கிடக்கிற பாறையும் மரக்கட்டையும் தெரியாது. இந்த இடத்தில் ஓடப்போகிற படகுக்குப் புரொப்பெல்லரை ஐந்து அங்குலம் கூடுதலாக இறக்கி விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் அதிர்வு. பாதி ஆக்ஸிலேட்டரைத் தாண்டினால் கைப்பிடி பிடித்த கை மரத்துப் போகும். இன்ஜினைப் பலகையோடு இறுக்குகிற திருகுகள் தானாகத் தளர்ந்தன. பின்பலகை ஓரத்தில் ஃபைபரில் மயிரிழை போலக் கீறல் விழ ஆரம்பித்தது. அந்தக் கீறல் வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கிற மரம் ஊறி, பலகையே போய்விடும்.

சேலத்துக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் முதலில் சொன்னது, "போட்டுன்னா கொஞ்சம் ஆடத்தாங்க செய்யும்." பிறகு மூடியைக் கழற்றினார். பிளக் மாற்றினார். சரியாகவில்லை. கார்புரேட்டரைக் கழுவினார். சரியாகவில்லை. இன்ஜின் தாங்கு ரப்பர்களை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் பில். கடைசியில், "பேசாம இதைக் குடுத்துட்டுப் பெரிய இன்ஜினாப் போட்டுடுங்க" என்றார். இத்தனைக்கும் நடுவில் அவர் கை ஒரு தடவைகூடப் புரொப்பெல்லர் மேல் படவில்லை. இதுதான் என்னால் பொறுக்கவே முடியாதது.

கடலூர்ப் பக்கம் தொழில் செய்கிற ஒரு பெரியவரிடம் போனில் கேட்டேன். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நியூட்ரல்ல ஆடுதா, கியர் போட்டாதான் ஆடுதா?"

கியரில்தான். நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் அடங்கித்தான் நின்றது. அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் கியருக்குக் கீழே, புரொப்பெல்லர், அதன் நடுவில் இருக்கிற ரப்பர் புஷ், அதைச் சுழற்றுகிற ஷாஃப்ட் பக்கம்தான். நியூட்ரலிலும் ஆடினால் பிளக், கார்புரேட்டர், தாங்கு ரப்பர் என்று பார்க்கலாம். ரெண்டு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியாவிட்டால் முறுக்காமல் சும்மா ஓடும்போதே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிட்டது. காசு வாங்கியவர் எவரும் அதைக் கேட்கவில்லை.

அவர் சொன்னபடி பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் புரொப்பெல்லரை உருவினோம். பின்னால் ஷாஃப்ட்டைச் சுற்றித் வலையின் நைலான் இழையான தங்கூஸ் நரம்பு இறுகி, சூட்டில் உருகி, வளையமாக ஒட்டிக்கிடந்தது. பிளேடால் கீறித்தான் எடுக்க முடிந்தது. அது தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ஆயில் சீலை அறுத்து, கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து வெளுத்துப் போயிருந்தது. புரொப்பெல்லரின் மூன்று இதழில் ஒன்றின் நுனி மடங்கியிருந்தது. உள்ளே ரப்பர் புஷ்ஷும் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, நியூட்ரலில் வைத்து அதன் முனைக்கு அருகே ஒரு ஈர்க்குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு கையால் சுற்றச் சொன்னார். முனை குச்சியிலிருந்து விலகி விலகி வந்தால் வளைவு. நல்லவேளை, எங்களுடையது நேராக நின்றது. குச்சிக்கு என்ன செலவு? சேலத்தில் இதைச் செய்து பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஏற்காட்டில் எஸ்டேட் குளத்தில் சின்னப் படகு வைத்திருக்கிற நண்பருக்கு வேறு கதை. கடலோரத்தில் டியூன் செய்த கார்புரேட்டர் இன்ஜினை அப்படியே மலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அங்கே உயரம் 1,500 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு, சக்தியில் சுமார் 15 சதவீதம் போய்விடும், கலவையில் பெட்ரோல் கூடி பிளக் கருக்கும், இன்ஜின் திக்கித் திக்கி உதறும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றி, ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் தள்ளுகிற, அதாவது பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் போட வேண்டிய இடம் அது. அவருக்கும் கிடைத்த ஆலோசனை, பெரிய எச்பி.

பெரிய இன்ஜின் என்றால் எடையும் கூடும். 15 எச்பி டூ ஸ்ட்ரோக் 40 கிலோவுக்குள் அடங்கும், ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோ வரை வரும். அதைக் கீறல் விழுந்த பலகையில் மாட்டச் சொல்கிறார்கள். பலகை பிய்ந்து ஆள் தண்ணீரில் விழுந்தால் யார் பொறுப்பு?

புரொப்பெல்லரும் சீலும் சென்னையிலிருந்து பார்சலில் வரவழைத்துப் போட்டோம், கியர் ஆயில் மாற்றினோம், அதிர்வு நின்றது. லாங் ஷாஃப்ட்டை மாற்றித் தரச் சொன்னதற்குக் கடையில், "வித்தது வித்ததுதாங்க" என்று முடித்துவிட்டார்கள். பின்பலகைக்கு மேல் கெட்டி மரம் வைத்து, போல்ட் போட்டு உயர்த்தி ஓட்டுகிறோம், அந்தச் செலவும் எங்களுடையதுதான். பக்கத்துப் படகுக்காரர் அடுத்த வாரம் இன்ஜின் பார்க்கப் போகிறார். அவர் பின்பலகையை அளந்து, சுமையையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே நானும் போகிறேன். எச்பி பேச்சை எடுக்கும் முன் அந்தச் சீட்டைக் கடைக்காரர் படித்தாக வேண்டும்.