ஏற்பிகள் பிறந்த பிறகும் மாறுகின்றன

காட்பாடி அண்ணா, "மூளையின் ஏற்பிகள் (நரம்புச் செல்களில் சைகையை வாங்கும் புரதங்கள்) பிறக்கும்போதே முடிவாகிவிடும், சோம்பல் கண்ணுக்கு (மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை குறைந்த கண்) நல்ல கண்ணை மூடிவைப்பது வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. இதை நம்பி யாராவது சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

என்.எம்.டி.ஏ. ஏற்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். நரம்புச் செல்கள் புதிய இணைப்புகளைப் பலப்படுத்த உதவுவது இது. பிறந்த புதிதில் அதில் 2பி என்ற பகுதி அதிகம். வளர வளர 2ஏ என்ற பகுதி கூடுகிறது, ஏற்பி திறந்திருக்கும் நேரமும் குறைகிறது. இது தானாக ஓடும் கடிகாரம் மட்டுமல்ல. இருட்டிலேயே வளர்த்த எலிக்குட்டிகளின் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளைப் பகுதி) இந்த மாற்றம் தாமதமானது. வெளிச்சம் பார்த்த சில மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டது. அதாவது, கண் பார்ப்பதைப் பொறுத்து ஏற்பியே மாறுகிறது!

ஹ்யூபெல், வீசல் என்ற நரம்பியல் அறிஞர்கள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்துப் பார்த்தார்கள். கண் நன்றாகவே இருந்தும், மூளை அந்தக் கண்ணுக்குப் பதில் தருவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. வளர்ந்த பூனையில் அப்படி ஆகவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சரி, காலம் முக்கியம் என்பது உண்மைதான். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். என் மகளுக்குச் சோம்பல் கண் என்று நான்கு வயதில் தெரிந்தது. குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு மாதாமாதம் பஸ்ஸில் போனோம், தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடினோம். இப்போது இரண்டு கண்ணாலும் படிக்கிறாள். அந்தப் பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள் அண்ணா.