விட்டனூம்: மேப்புல இருந்து பேரை எடுத்துட்டா முடிஞ்சு போச்சா?

ஆஸ்திரேலியாவுல ஆளில்லாத ஊர்னு வீடியோ போடுறவங்க நிறைய பேர் பிடிச்சுக்கற ஊர் விட்டனூம். ட்ரோன் ஷாட், செக்கச்செவேல்னு மலை, திகில் மியூசிக், "இந்த ஊருக்குப் போனா செத்துருவீங்க"ன்னு தம்ப்நெயில். பார்த்தாலே எனக்குக் கோவம் கோவமா வருது. அங்க பேயும் இல்ல, சாபமும் இல்ல. எச்சரிக்கை வந்தும் காதுல போட்டுக்காம ஒரு கம்பெனி நடத்துன சுரங்கம், அதைக் கண்டும் காணாம விட்ட ஒரு அரசாங்கம், அவ்வளவுதான். அந்தக் கதைய முழுசா சொல்லாம இடிஞ்ச சுவத்தை மட்டும் காட்டி லைக் வாங்குறது நியாயமே இல்ல.

மேற்கு ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருந்து வடக்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல போகணும், பில்பரான்னு ஒரு வறண்ட பகுதி, அதுல ஹேமர்ஸ்லி மலைத்தொடர். காலங்காலமா அது பஞ்சிமா பழங்குடி மக்களோட மண். 1930கள்ல லாங் ஹான்காக்னு ஒருத்தர், பக்கத்துல மல்கா டவுன்ஸ் பண்ணையில வளர்ந்தவர், அங்க இருக்கற நீல ஆஸ்பெஸ்டாஸை, அதாவது பாறைக்குள்ள நார் நாரா இருக்கற ஒரு கனிமத்தை, வெட்டி எடுக்க ஆரம்பிச்சார். ஆஸ்பெஸ்டாஸ்லயே ரொம்ப மோசமான வகை அது. 1943-ல சி.எஸ்.ஆர்.னு ஒரு பெரிய கம்பெனி உள்ள வந்துச்சு, அப்ப சர்க்கரை ஆலை நடத்திட்டிருந்த கம்பெனி, ஒரு துணை கம்பெனிய வச்சு சுரங்கத்தை நடத்துச்சு. 1947-ல வேலையாட்களுக்குன்னு ஊரைக் கட்டுனாங்க. 50கள்ல பில்பராவுலயே பெரிய ஊர் அதுதான்னா பாத்துக்கோங்க. போர் முடிஞ்சு இத்தாலியில இருந்தும் ஐரோப்பாவோட மத்த நாடுகள்ல இருந்தும் பொழைப்பு தேடி வந்த ஜனங்கதான் நிறைய. பாஷை தெரியாது, ஊர் தெரியாது, கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டாச்சு, அந்த வனாந்தரத்துல இருந்து கிளம்பி எங்க போறது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 1948-லயே எரிக் செயின்ட்னு ஒரு டாக்டர், விமானத்துல போய் வைத்தியம் பாக்குற டாக்டர், சுரங்கத்துத் தூசியப் பாத்துட்டு பதறிப்போய் சுகாதாரத்துறைக்கு எழுதுனார், உலகம் இதுவரைக்கும் பாக்காத அளவுக்கு இங்க நுரையீரல் நோய் வரப்போகுதுன்னு. 1948! ஊர் கட்டி ஒரு வருஷம்தான் ஆகுது. அதுக்கப்புறம் 50கள் கடைசியில ஜிம் மெக்நல்டின்னு இன்னொரு அரசாங்க டாக்டர் திரும்பத் திரும்ப சொன்னார். சுரங்கம் பாட்டுக்கு ஓடுச்சு. 1966-ல ஒருவழியா மூடுனாங்க, அதுக்குக் கம்பெனி சொன்ன காரணம் நஷ்டம். எத்தனை உசுரு போச்சுங்கற கணக்கு அந்த முடிவுல எங்க இருந்துச்சுன்னு நான் தேடித்தேடிப் பாக்குறேன்.

சுரங்கத்துக்குள்ள போனவங்க மட்டும் செத்திருந்தா கூட வேற மாதிரி பேசலாம். ஆலையில அரைச்சு மிஞ்சுன கழிவு, நீல நிறத்துல பொடியும் நாரும் கலந்தது, அதைக் கொண்டுவந்து ஊர் ரோட்டுக்குக் கொட்டுனாங்க, விமான ஓடுதளத்துக்குக் கொட்டுனாங்க, பள்ளிக்கூட மைதானத்துல, வீட்டுப் பின்பக்கத்துல கூட போட்டாங்க, செம்மண் புழுதி அடங்குமாம். பசங்க அதுல உக்காந்து மண்ணு வீடு கட்டி விளையாடுனாங்க. புருஷன் வேலை முடிஞ்சு வந்து கழட்டிப் போட்ட சட்டைய உதறித் துவைச்ச பொம்பளைங்க. அந்தக் கழிவை யாரு வேகமா ஒரு டிரம்முல அள்ளி நிரப்புறாங்கன்னு போட்டி வேற நடத்திருக்காங்க, அந்த போட்டோ இன்னும் இருக்கு, முகத்துல மாஸ்க் இல்ல, சட்டை கூட இல்ல, சுத்தி தூசி மண்டலம்.

அந்த நார் கண்ணுக்கே தெரியாத ஊசி மாதிரி. நெஞ்சுக்குள்ள போனா கரையாது, வெளியவும் வராது. 20 வருஷம், 30 வருஷம், சில பேருக்கு 40 வருஷம் கூட ஒண்ணும் தெரியாது, அப்புறம் நுரையீரலைச் சுத்தி இருக்கற சவ்வுல கேன்சர், மீசோதீலியோமா. கண்டுபிடிச்சா பெரும்பாலும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம்தான். அங்க சின்னக் குழந்தையா இருந்தவங்க, சுரங்கத்துப் பக்கமே போகாதவங்க, நடுத்தர வயசுல செத்திருக்காங்க. அந்த ஊர்ல வேலை பாத்தும் வாழ்ந்தும் போனவங்க மொத்தம் சுமார் 20,000 பேர், அதுல 2,000 பேருக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் நோயால இறந்திருக்காங்கன்னு கணக்கு. கம்பெனி மேல கேஸ் போட்டு தொழிலாளிகள் முதல்ல ஜெயிச்சது 1988-ல. சுரங்கம் மூடி 22 வருஷம் கழிச்சு. கேஸ் முடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்தவங்களுக்கு என்ன கிடைச்சுது சொல்லுங்க.

அரசாங்கம் 1978-ல ஊரைக் காலி பண்ண முடிவெடுத்துச்சு, 2006-ல கரண்ட்டை வெட்டுச்சு, 2007-ல ஊர்ங்கற அந்தஸ்தையே ரத்து பண்ணுச்சு, ரோட்டு போர்டு, மேப்பு எல்லாத்துலயும் பேரை எடுத்தாங்க. 2022-ல தனிச்சட்டமே போட்டு கடைசியா இருந்தவங்களையும் வெளியேத்தி, 2023-ல மிச்ச கட்டடங்களை இடிச்சாச்சு. சரி, ஜனங்க அங்க இருக்கக்கூடாதுங்கறது புரியுது, ஒத்துக்கறேன். ஆனா பள்ளத்தாக்குல குவிஞ்சு கிடக்குற 30 லட்சம் டன் கழிவு? அது அப்படியே கிடக்கு. மழை வெள்ளம் வர்றப்ப எல்லாம் ஓடைய பிடிச்சு கீழ இறங்குது. 46,000 ஹெக்டேருக்கு மேல மாசுபட்ட நிலம்னு அறிவிச்சிருக்காங்க. பஞ்சிமா ஜனங்களுக்கு நில உரிமை கோர்ட்டுல கிடைச்சாச்சு, ஆனா தங்களோட சொந்த மண்ணுல, முன்னோர் நடந்த பள்ளத்தாக்குல கால் வைக்க முடியல. அதைச் சுத்தம் பண்ணிக் குடுங்கன்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்க.

இது எங்கயோ நடந்ததுன்னு நம்மால தள்ளி வைக்கவும் முடியாது. ஆஸ்திரேலியா 2003 கடைசியில எல்லா ஆஸ்பெஸ்டாஸையும் தடை பண்ணிருச்சு. நம்ம ஊர்ல இன்னும் இறக்குமதி பண்ணி கூரை ஷீட் போடுறாங்க. அது வெள்ளை வகை, நீலத்தை விட வீரியம் கம்மிதான், ஆனா எல்லா வகையுமே கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. இலங்கையில 2018-ல இருந்து தடைன்னு ஏற்பாடு பண்ணிட்டு இருந்தாங்க. 2017 டிசம்பர்ல ரஷ்யா, தேயிலைப் பொதியில வண்டு இருக்குன்னு சிலோன் டீய நிறுத்துச்சு. ஆஸ்பெஸ்டாஸ் விக்குறதும் ரஷ்யாதான். அதோட இலங்கையோட ஆஸ்பெஸ்டாஸ் தடை தள்ளிப்போச்சு. உங்க வீட்டுல பழைய ஷீட்டை மாத்துறீங்கன்னா தயவுசெஞ்சு சுத்தியல்ல அடிச்சு நொறுக்காதீங்க, தண்ணிய நல்லா தெளிச்சு முழுசா இறக்கச் சொல்லுங்க, பசங்களை அந்தப் பக்கம் விடாதீங்க.

அதே பில்பராவுல இருந்துதான் இன்னைக்கு உலகத்துக்கே இரும்புத்தாது போகுது, கிலோமீட்டர் கணக்குல நீளமான ரயில்ல. மலையையே வெட்டித் துறைமுகத்துக்குக் கொண்டுபோற மெஷினும் பணமும் அங்கதான் இருக்கு. அவ்வளவு இருந்தும் ஒரு பள்ளத்தாக்குல கிடக்குற கழிவை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு யாராவது சொன்னா நான் நம்பத் தயாரா இல்ல.