முதல் காம்பிங் வீட்டுக்குக் கிட்டவே இருக்கட்டும்

பெப்ரவரி பிறந்தால் போதும், ரொறன்ரோப் பக்கம் இருக்கிற எங்கட தமிழ் ஆக்களின் வட்ஸ்அப் குழுக்களில் பரபரப்புத் தொடங்கிவிடும். இந்தக் கோடைக்கு எங்கே காம்பிங்? மாகாணப் பூங்காக்களை நடத்துகிற ஒன்ராறியோ பார்க்ஸில் ஐந்து மாதத்துக்கு முன்பே, காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கிறார்கள். யூலை முதலாம் திகதிக்கு இடம் வேணுமென்றால் பெப்ரவரி முதலாம் திகதி விடிய எழும்பிக் கணினிக்கு முன்னால் இருக்க வேணும். அந்த நேரத்தில் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு தேடுவது தூரத்தில் இருக்கிற அல்கொன்குவின் பூங்காவை. அது சரிவராவிட்டால் சாண்ட்பாங்ஸ் பூங்கா. இரண்டும் கிடைக்காவிட்டால் "இந்த வருசம் விடுவம்" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. முதல் தடவை கூடாரம் அடிக்கப் போகிற குடும்பம், அதிலும் அம்மம்மா அப்பப்பாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிற குடும்பம், வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தைத்தான் எடுக்க வேணும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கறிங் பக்கம் இருக்கிற எங்களுக்கு அப்படியான இடங்கள் தாராளமாக இருக்கின்றன. "அது கிட்டத்தானே, அங்க போய் என்ன" என்ற ஒரு நினைப்பால் அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் விடுகிறோம்.

அல்கொன்குவினைக் குறைத்துச் சொல்லவில்லை. 1893இல் உருவான பூங்கா, ஏழாயிரத்து அறுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் காடும் ஏரியும். வாழ்நாளில் ஒருக்காலாவது அங்கே இரவு தங்க வேணும். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வெளிக்கிட்டு, 400ஆம், 11ஆம் நெடுஞ்சாலைகளில் ஊர்ந்து ஊர்ந்து போய், இருட்டினபிறகு இறங்கி, டோர்ச் வெளிச்சத்தில் முதன்முதலாகக் கூடாரம் அடிக்கிற குடும்பத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மே கடைசி, யூன் என்றால் கறுப்பு ஈ சுற்றிச் சுற்றிக் கடிக்கும். பல இடங்களில் போன் வேலை செய்யாது. நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஹண்ட்ஸ்வில் வரை ஓட வேணும். அப்படி ஒரு இரவு கழிந்தால் அந்த அம்மா வாழ்க்கையில் இன்னொருக்கால் காம்பிங் என்ற பேச்சே எடுக்கமாட்டா.

இன்னொரு காரணம் எங்கட வேலை நேரம். ஒரே வீட்டில் ஒருவருக்கு வெள்ளி பின்னேர ஷிப்ட், மற்றவருக்கு சனி காலை ஷிப்ட். மூன்று மணித்தியாலம் தள்ளி இடம் எடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் லீவு போட வேணும், அல்லது வராமல் விட வேணும். கிட்ட என்றால் ஷிப்ட் முடிந்து நேரே வந்து சேரலாம். பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவைக் காண்பார்கள். இதற்காகவே நான் எத்தனை அழகான ஏரியையும் விட்டுக்கொடுப்பேன்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது என் மாமியின் விசயம். 2009இல் வன்னியிலிருந்து வந்து செட்டிக்குளம் மனிக் பாம் முகாமில் மாதக்கணக்கில் கூடாரத்துக்குள் இருந்தவ. கிட்டத்தட்ட மூன்று இலட்சம் சனம் முள்ளுக்கம்பிக்குள் அடைபட்டிருந்த காலம் அது. கூடாரச் சீலை காற்றில் படபடவென்று அடிக்கிற சத்தம் இன்றைக்கும் அவவுக்கு ஆகாது. மழைத் துளி சீலையில் விழுந்தால் எழும்பி நின்று நிலத்தைத்தான் முதலில் பார்ப்பா, தண்ணி உள்ளுக்கு வருகுதா என்று. "நான் பட்டது காணும் பிள்ளை, நீங்கள் போங்கோ" என்பா. அவவைக் கட்டாயப்படுத்தி அல்கொன்குவினுக்குக் கூட்டிப்போவது கொடுமை. அவவைத் தனிய வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் போனது கிட்ட உள்ள டார்லிங்டன் பூங்கா என்றபடியால் மத்தியானம் வந்தா. மரத்துக்குக் கீழே கதிரையில் இருந்து வெங்காயம் உரித்தா, பேரப்பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தா, நெருப்புக்குக் கிட்ட இருந்து பழைய கதை கதைத்தா, ஒன்பதரைக்கு மருமகன் காரில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன்ர கட்டிலில்தான் படுத்தா. எங்கட சமூகத்தில் இப்படி எத்தனை மாமிமார், எத்தனை சித்தப்பாமார் இருக்கிறார்கள். இடம் தெரிவு செய்யும்போது அவர்களை நினைப்பது எங்கட கடமை.

ஒரு குறிப்பு: இப்படிப் பகலில் வந்து போகிறவரின் வாகனத்துக்குத் தனியாகப் பகல்நேர அனுமதி எடுக்க வேணும், இரவு பத்து மணிக்குள் வெளிக்கிட்டுவிட வேணும். சனி ஞாயிறில் பிரபலமான பூங்காக்களில் அந்த அனுமதியும் முடிந்துவிடும். அதை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து வையுங்கள்.

இனி இடங்கள். ஸ்காபரோ, ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை டார்லிங்டன் மாகாணப் பூங்காதான். 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஓடி, ஒஷாவா தாண்டினதும் கோர்ட்டிஸ் றோட்டில் இறங்கினால் வாசல். நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணித்தியாலம். மார்க்கத்திலிருந்து வருகிறவர்கள் 407ஆம் நெடுஞ்சாலையை எடுக்கலாம். பிக்கறிங்கில் புரொக் றோட்டுக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கு 2025 யூன் முதல் கட்டணம் இல்லை, 412ஆம், 418ஆம் நெடுஞ்சாலைகளின் கட்டணத்தை 2022இலேயே நீக்கிவிட்டார்கள். 418 வழியாக இறங்கினால் பூங்காவுக்குக் கிட்ட 401இல் வந்து சேரும். ஒன்ராறியோ ஏரிக் கரையிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் மக்லாக்லின் குடா, நடப்பதற்கு நல்ல பாதை, காலையில் நாரையும் கொக்கும் வரும். முந்நூறுக்கு மேற்பட்ட கூடார இடங்கள் என்பதால் ஒரு கிழமைக்கு முன்னர் தேடினாலும் சில வேளை ஏதாவது அகப்படும். நிரம்பிவிட்டால், யாராவது ரத்துச் செய்யும்போது அறிவிக்கச் சொல்லிப் பதிந்தும் வைக்கலாம்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது, மறைக்கவில்லை. 401 சத்தம் கேட்கும். வடக்கே ரயில் பாதை, நடுராத்திரியிலும் சரக்கு ரயில் போகும். அதனால் வரைபடத்தைப் பார்த்து ஏரிப் பக்கமாக, தெற்கே தள்ளி இடம் எடுங்கள். பக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். பிக்கறிங் நிலையத்துக்கு இன்னும் கிட்ட எங்கட சனம் வீடு வாங்கிப் பிள்ளை வளர்க்கிறது. இரண்டு இரவு கூடாரத்தில் படுக்கப் பயப்பட ஒன்றும் இல்லை.

வடக்கே மார்க்கம், ஸ்டூவில் ஆக்களுக்கு சிம்கோ ஏரிக்கரையில் சிபால்ட் பொயின்ட். எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கோடை ஞாயிறுகளில் அங்கே போனால் பாதிச் சனம் தெரிந்த முகம். தண்ணீர் ஆழம் குறைவு, யூலையில் இதமாக இருக்கும். ஆனால் ஏரிக்கரைச் சனநெரிசலை மட்டும் பார்த்துவிட்டு "அங்க இரவு தங்கேலாது" என்று முடிவு கட்டாதீர்கள். கூடாரப் பகுதி வேறு. பகல் சனம் போனபிறகு அந்த இடம் அமைதியாகிவிடும். மேற்கே மிசிசாகா, ஓக்வில் பக்கம் என்றால் புரொன்டே கிறீக். அங்கே ஏரி கிடையாது, பள்ளத்தாக்கும் ஓடையும் பண்ணையும்தான். தண்ணீருக்குப் பயந்த அம்மாமாருக்கு அது பெரிய நிம்மதி. பிராம்ப்டன்காரருக்கு 50ஆம் நெடுஞ்சாலையில் போல்டன் தாண்டி அல்பியன் ஹில்ஸ்.

எல்லாவற்றிலும் கிட்டியது றூஜ். ரொறன்ரோ நகர எல்லைக்குள் கூடாரம் அடிக்கக்கூடிய ஒரே இடம் கிங்ஸ்டன் றோட்டில் இருக்கும் கிளென் றூஜ்தான். 2015இல் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக்கப்பட்ட காடு. பஸ்ஸில் போகலாம். பக்கத்திலேயே மாஸ்ட் டிரெயில், ஒரு காலத்தில் கப்பல் பாய்மரத்துக்குத் நெடிய பைன் மரங்களை இழுத்துக்கொண்டு போன தடம். கிளென் றூஜைத் திருத்த வேலைக்காக மூடிவைப்பதும் உண்டு, ஆகவே பார்க்ஸ் கனடாவின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். அங்கே கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது, லைம் நோய் பரப்பும். நடந்துவிட்டு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கமக்கட்டு, தலைமுடிக்குள் எல்லாம் பார்க்க வேணும்.

பூங்காவைத் தெரிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. ஒரே பூங்காவுக்குள் நல்ல இடமும் இருக்கும், இரவு முழுக்க நித்திரை இல்லாமல் பண்ணுகிற இடமும் இருக்கும். பதிவுப் பக்கத்தில் பெரும்பாலான இடங்களுக்குப் படம் இருக்கிறது, அதைப் பாருங்கள். குளியலறையும் தண்ணீர்க் கழிவறையும் உள்ள கட்டிடத்துக்குக் கிட்ட இருக்க வேணும், ஆனால் நேரெதிரே கூடாது. கதவு அடிக்கிற சத்தமும் விடிய விடிய எரிகிற லைட்டும் வரும். மூன்று நாலு இடம் தள்ளி எடுத்தால், முழங்கால் வருத்தம் உள்ள அம்மம்மாவும் டோர்ச்சோடு தானாகப் போய்வருவா. சில பகுதிகளில் குழிக் கழிவறை மட்டும்தான் இருக்கும். வயது போன ஆக்களோடு அங்கே போடவே வேண்டாம். இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி வேணும், நித்திரையில் மூச்சுக்கு உதவுகிற சீபாப் மெஷின் வேணும் என்றால் கரண்ட் உள்ள இடம் எடுங்கள். பின்னேர வெயிலுக்கு மரநிழல் இருக்கிறதா, மழை பெய்தால் தண்ணி தேங்குகிற பள்ளமா என்பதையும் கவனியுங்கள்.

எங்கட பழக்கம் பத்துக் குடும்பம் சேர்ந்து போவது. அழகான பழக்கம், விடக்கூடாது. ஆனால் ஒரு இடத்துக்கு ஆறு பேர்தான், அப்பா அம்மா பிள்ளைகள் என்று ஒரே குடும்பமாக இருந்தால் மட்டும் கூட விடுவார்கள். ஒரு இடத்தை எடுத்துவிட்டு இருபது பேர் போய் நிற்க முடியாது. அடுத்தடுத்த இடங்களாக எடுங்கள், அல்லது குழு இடம் உள்ள பூங்காவில் குழு இடமாகவே பதியுங்கள். பாட்டுப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பூங்காவில் அடுத்தவருக்குத் தொல்லையான சத்தம் பகலிலும் குற்றம்தான். சோறு கறி சமைத்தால் சட்டியைக் குடிதண்ணீர்க் குழாயடியில் கழுவாதீர்கள். மிச்சச் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்தால் ரக்கூனுக்கு அது மூடியே இல்லை. எங்கட குளிர்பெட்டியின் கொக்கியை முன்காலால் தூக்கித் திறந்து, மீன்கறியை விட்டுவிட்டு முட்டையை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போன ரக்கூனைக் கண்ணால் கண்டேன். எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள், ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு விறகோடுதான் ஊர் ஊராகப் போகிறது. பூங்காவிலேயே வாங்கலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. ஊரில் நீந்தத் தெரிந்தவர், கடலில் குளித்து வளர்ந்தவர் என்பதெல்லாம் இங்கே உதவாது. ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் யூலையிலும் திடீரென்று ஐஸ் மாதிரிக் குளிரும், காற்று மாறினால் அடித்தண்ணீர் மேலே வந்துவிடும். காற்றடைத்த மிதவைகளைக் கரைக்காற்று நொடியில் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போகும். பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டு, பெரிய ஆள் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேணும். போனைப் பார்த்துக்கொண்டு கரையில் இருப்பதைப் பிள்ளையைப் பார்ப்பது என்று சொல்ல முடியாது.

இந்தக் கோடைக்கு யூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறு கிடைக்கவில்லை என்று யாரும் கவலைப்படாதீர்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் வருகிற லேபர் டே விடுமுறை முடிந்ததும் கிட்ட உள்ள பூங்காக்கள் காலியாகத் தொடங்கும், நுளம்பும் குறைந்துவிடும், வெள்ளி இரவுக்குக்கூட ஏரிப் பக்க இடம் எடுக்கலாம். பிள்ளைகளை வெள்ளி பள்ளிக்கூடம் முடிய ஏற்றிக்கொண்டு போய் ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். இரவில் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகும், அதற்கேற்ற உறக்கப்பையும் கீழே போட நல்ல விரிப்பும் ஆளுக்கொரு கம்பளித் தொப்பியும் கொண்டுபோங்கள்.