தாமத ஒளிபரப்பு மட்டுமா குற்றவாளி?

ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கி ஆடும் போட்டி) ஒளிபரப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நேரலை இல்லாவிட்டால் அதில் சுவாரசியமே இல்லை என்கிறார் கட்டுரையாளர். 1994 லில்லிஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கை மறந்துவிட்டாரா? பரம எதிரிகளாகப் பேசப்பட்ட அமெரிக்க வீராங்கனைகள் நான்சி கெரிகனும் டோன்யா ஹார்டிங்கும் ஒரே களத்தில் இறங்கிய அந்தப் போட்டியை அமெரிக்கத் தொலைக்காட்சி சிபிஎஸ் பல மணி நேரம் கழித்துத்தான் காட்டியது. நார்வேயில் எல்லாம் முடிந்து ஊர் அடங்கிய பிறகுதான் அமெரிக்கா டிவி முன்னால் உட்கார்ந்தது. அப்படியும் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்த்தவற்றில் அதுவும் ஒன்று.

என் குறை வேறு. பதிவு செய்து காட்டும்போது கத்தரி போட்டுவிடுகிறார்கள். முன்னணியில் இருப்பவர்கள் ஆடும் கடைசிக் குழுவைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் காணாமல் போவார்கள். பதினைந்தாம் இடத்தில் இருந்த ஒரு பெண்ணைத் திடீரென்று முழுதாகக் காட்டினால், சரி, இந்தப் பெண் ஏதோ செய்யப்போகிறார் என்று முதல் ட்ரிபிள் லட்ஸுக்கு (மூன்று சுற்று சுழலும் ஒரு வகைத் தாவல்) முன்பே தெரிந்துவிடும். அப்புறம் மதிப்பெண்ணுக்குக் காத்திருப்பதில் என்ன படபடப்பு?

நேரலையும் சும்மா வருவதில்லை. 2018 பியோங்சாங் (தென்கொரியா) ஒலிம்பிக்கில் காலை 10 மணிக்கே போட்டியைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் அப்போது இரவு 8 மணி. அமெரிக்கர்கள் சோபாவில் சாய்ந்து பார்ப்பதற்காக, காலைச் சாப்பாடு செரிப்பதற்குள் பனியில் நான்கு சுற்று சுழன்று குதிக்க வேண்டியிருந்தது பாவம் அந்தப் பிள்ளைகள்தான்.